கிடாயின் எலும்பில் இரண்டு வளையங்கள்

கிடாயை உரித்துத் தொங்கவிட்டு முன்னங்காலைத் தறித்தபோது உள்ளே எலும்பு சிவப்பாக இருந்தது. முதலில் இரத்தம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள், போகவில்லை. மணலைப் போட்டுத் தேய்த்தார்கள், அப்போதும் போகவில்லை. மருதாணி வைத்த நகத்தைப் போல எலும்புக்குள்ளேயே அந்த நிறம் ஊறிக் கிடந்தது. பின்னங்காலைத் தறித்தார்கள், அதுவும் சிவப்பு. விலா எலும்பும் சிவப்பு. வெட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

1959ஆம் வருடம் ஆனி மாதம் அது. ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே மணல்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில், வெள்ளைச்சாமி தன் பேரப்பிள்ளைக்கு முடியிறக்கிக் கிடாய் வெட்டி விருந்து வைத்திருந்தார். நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். சிவந்த எலும்பைப் பார்த்தபின் ஒருவரும் அந்தக் கறியைச் சமைக்கச் சம்மதிக்கவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசி, கறியைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டுக் கத்தரிக்காய்க் குழம்போடு பந்தியை முடித்துக்கொள்வதென்று ஆயிற்று.

கிடாயை விற்றவள் அதே ஊர் முத்துமாரியம்மாள். புருஷன் செத்து நாலு வருடம். ஊருக்குக் கீழ்க்கோடியில் மகளோடு இருந்துகொண்டு இருபது ஆடு மேய்த்துப் பிழைத்துவந்தாள். அவள் ஆட்டுக்கு எதையோ வைத்துவிட்டாள் என்று ஒருவர் சொன்னார். அந்தப் பேச்சு பந்தி முடிவதற்குள் ஊரைச் சுற்றிவந்தது. கோயில் கொடைக்கென்று அவளிடம் குட்டி பேசி வைத்திருந்த இரண்டு பேர், வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள்.

வெள்ளைச்சாமியின் சித்தப்பா மகள் பிரகதாம்பாளும் விருந்துக்கு வந்திருந்தாள். முப்பது வயது. புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சயின்ஸ் டீச்சர். மற்றவர்கள் விலகி நின்றபோது அவள் மட்டும் சேலையைச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, தறித்த காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வருடாவருடம் வகுப்பில் அவள் எலும்புப் பாடம் நடத்துவதுண்டு. கோழி எலும்பை அமிலத்தில் ஊறப்போட்டால் சுண்ணாம்பெல்லாம் கரைந்து போய், மிச்சம் புரதம் மட்டும் ரப்பர் மாதிரி வளையும். இன்னொரு எலும்பை அடுப்பில் சுட்டால் புரதம் எரிந்துபோய், மிச்சமிருக்கும் சுண்ணாம்பு கைபட்டாலே உதிரும். எலும்பு என்பது இந்த இரண்டும் சேர்ந்தது என்று சொல்லிப் பாடத்தை முடிப்பாள். எட்டு வருடமாக இதையே செய்துகொண்டு வந்தவளுக்கு, உயிருள்ள உடம்புக்குள் அந்தச் சுண்ணாம்பு எப்படி வந்து சேர்கிறது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றியதில்லை. இப்போது தோன்றியது.

குழிக்குப் போகவிருந்த ஒரு காலைத் தான் எடுத்துக்கொண்டு போவதாக அவள் அண்ணனிடம் சொன்னாள். வெள்ளைச்சாமி முதலில் மறுத்தார். பஸ்ஸில் இதை எப்படிக் கொண்டு போவாய் என்றார். கடைசியில் ஒரு பழைய எண்ணெய் டின்னில் உப்பைக் கொட்டி, காலை வாழை இலையில் சுருட்டி வைத்து, மேலே துணி கட்டிக் கொடுத்தார். அறந்தாங்கியில் பஸ் மாறும்போது கண்டக்டர் டின்னில் என்ன என்று கேட்டதற்கு, ஊறுகாய் என்றாள்.

வீட்டில் கறியைச் சுத்தமாக வழித்தெடுத்து, இரும்பறுக்கும் ரம்பத்தால் எலும்பை நீளவாக்கிலும் குறுக்கிலும் அறுத்தாள். தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்த அவள் கணவர் பிச்சைமுத்து, ஆபீஸிலிருந்து வந்தவர், கொல்லையில் இது நடப்பதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வந்தார்.

குறுக்கே அறுத்த துண்டில் எலும்பு முழுவதும் சிவப்பாக இல்லை. சிவப்பில் ஒரு வளையம், அதைச் சுற்றி வெள்ளை, அதற்கும் வெளியே இன்னொரு சிவப்பு வளையம், அதன்மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு. நீளவாக்கில் அறுத்ததில் இன்னொன்று தெரிந்தது. எலும்பின் நுனியில் தொப்பிபோல் இருந்த குருத்தெலும்பு இளந்தேங்காயைப் போல வெள்ளையாகவே இருந்தது. நுனிக்குச் சற்றுக் கீழே, எலும்புக்கு நடுவிலேயே, குருத்தெலும்பு ஒரு தகடுபோல ஓடியது. அதிலும் நிறம் ஏறவில்லை. ஆனால் அந்தத் தகட்டை விட்டுக் கீழே இறங்கியதும் சிவப்புப் பட்டைகள் ஆரம்பித்துவிட்டன. இரண்டுக்கும் ஒரே இரத்தம்தான் போகிறது. ஒன்று சிவக்கிறது, ஒன்று சிவக்கவில்லை.

மறுநாள் அந்தத் துண்டுகளைக் கால்நடை மருத்துவர் குழந்தைசாமியிடம் கொண்டுபோனாள். பன்னிரண்டு வருட சர்வீஸில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார் அவர். நோய் என்று தோன்றவில்லை, எலும்பு உறுதியாக இருக்கிறது, ஏதோ தீனிதான் என்றார். பிறகு வளையங்களை விரலால் தொட்டு, இது மரத்தில் வருகிற வளையம் மாதிரி வெளிப்பக்கமாகக் கட்டிக்கொண்டே போயிருக்கிறது, ஆகவே இரண்டு தடவை கொடுத்திருக்கிறார்கள், நடுவில் கொஞ்சநாள் நிறுத்தியிருக்கிறார்கள் என்றார்.

அடுத்த சனிக்கிழமை பிரகதாம்பாள் தனியாகவே பஸ் ஏறிப் போனாள்.

முத்துமாரியம்மாள் வேலியடியில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். கிடாய் என்ற பேச்சை எடுத்ததுமே, தான் ஒன்றும் வைக்கவில்லை, பச்சைப் புல்லைத் தவிர அது வேறு எதுவும் தின்னவில்லை என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரகதாம்பாள் வாதாடவில்லை. பையிலிருந்து குறுக்கே அறுத்த எலும்புத் துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"குற்றம் சொல்ல வரலைக்கா. இதுல ரெண்டு வளையம் இருக்கு பாருங்க. ரெண்டு தடவை ஏதோ உள்ளே போயிருக்கு. என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

முத்துமாரியம்மாள் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். பிறகு மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள்.

"ரெண்டு தடவை இருமுச்சுங்க அந்தக் குட்டி. கார்த்திகையில ஒருக்கா, மாசியில ஒருக்கா. இம்பூறல் வேரை இடிச்சுத் தவிட்டுல பெசஞ்சு குடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு மாசம் போல."

இம்பூறல் அந்த மணல்காட்டில் தானாக முளைத்துக் கிடக்கிற சின்னச் செடி. இருமலில் இரத்தம் வந்தால் அதன் வேரைக் காய்ச்சிக் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். காட்டச் சொன்னதும் முத்துமாரியம்மாள் உள்ளே போய் ஒரு முடிச்சைக் கொண்டுவந்தாள். வேர் மஞ்சளும் பழுப்புமாகத்தான் இருந்தது, இடித்த தூளிலும் சிவப்பே இல்லை. அவள் வெற்றிலை போடுகிறவள். சுண்ணாம்பு தடவிய விரலாலேயே ஒரு சிட்டிகைத் தூளைக் கிள்ளிக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவள் விரல்நுனி சிவந்தது. பிரகதாம்பாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். வேரின் சாயம் சுண்ணாம்பைத்தான் பிடிக்கிறது. அது உள்ளே போயிருந்த நாட்களில் எங்கே புதுச் சுண்ணாம்பு வந்து படிந்ததோ, அங்கேயெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்பு போகாத குருத்து வெள்ளையாகவே இருந்துவிட்டது.

தெரிந்துவிட்ட மகிழ்ச்சியில் அவள் இதையெல்லாம் கடகடவென்று சொல்லிக்கொண்டு போனாள். முத்துமாரியம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

"டீச்சரம்மா, எம் மகளுக்கும் அதைத்தானே குடுத்தேன். மூணு வருசத்துக்கு முந்தி, ஆறு மாசம். அவ எலும்பும் உள்ளுக்குள்ள இப்படித்தான் இருக்குமா?"

மகள் செங்கமலத்துக்கு அப்போது ஒன்பது வயது. கொஞ்சம் தள்ளி ஒரு குட்டியின் காதைப் பிடித்து உண்ணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆறு வயதில் அவளுக்கு விடாத இருமல், எச்சிலில் இரத்தம். விருந்து நடந்த நாளிலிருந்து முத்துமாரியம்மாளுக்குத் தூக்கம் இல்லை. ஆடு விலைபோகாததைப் பற்றி அவள் அவ்வளவாக நினைக்கவே இல்லை. பிள்ளை நடக்கும்போதெல்லாம் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வேரைக் கொடுத்ததை வெளியே சொல்லாததும் அதனால்தான். மகளைப் பற்றி ஊர் பேசும் என்ற பயம்.

தெரியவில்லை என்றுதான் பிரகதாம்பாள் சொன்னாள். தெரிந்துகொண்டு வந்து சொல்வதாகவும் சொன்னாள்.

புதுக்கோட்டைக்குத் திரும்பி, சந்தையில் பன்னிரண்டு கோழிக்குஞ்சுகளை வாங்கிக் கொல்லையில் மூன்று கூடாக அடைத்தாள். முதல் நாலுக்கும் வெறும் கம்பு மாவு. மற்ற எட்டுக்கும் கம்பு மாவோடு இம்பூறல் தூள், மூன்று வாரம். அந்த எட்டில் நாலுக்கு மட்டும் பிறகு தூளை நிறுத்தி இன்னும் நாலு வாரம் வளர்த்தாள், மற்ற நாலுக்கும் தூள் தொடர்ந்தது. பிச்சைமுத்து தன் பங்குக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குஞ்சுகளைத் தராசில் வைத்து எடையைச் சொன்னார். எழுதியது அவள்.

ஏழு வாரம் கழித்து அறுத்துப் பார்த்தபோது தூள் தின்றவற்றின் எலும்பு இளஞ்சிவப்பாக இருந்தது. நிறுத்தியவற்றில் சிவப்பின்மேல் வெள்ளையாகப் புது எலும்பு போர்த்தியிருந்தது, உள்பக்கத்திலோ பழைய சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்பட்டுக் குறைந்திருந்தது. கால் எலும்புகளைக் கயிற்றில் கட்டி, உடையும்வரை எடைபோடும் படிக்கற்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள். வெள்ளை எலும்பும் சிவப்பு எலும்பும் ஏறக்குறைய ஒரே கனத்தில்தான் உடைந்தன.

இந்தச் சமயத்தில்தான் கல்லூரி நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டியபோது, இருநூறு வருடத்துக்கு முன்பே இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் சாயவேர்க் கழிவைத் தின்ற பன்றியின் எலும்பு சிவந்திருந்ததைக் கண்டு எழுதிவைத்திருப்பதைப் படித்தாள். அரை நாள் அவளுக்கு ஒன்றுமே ஓடவில்லை. குழந்தைசாமியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அந்த ஆள் எலும்பு எத்தனை கனத்தில் உடைகிறது என்று பார்த்தாரா என்று கேட்டார். புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. அதோடு அவள் மனம் தேறியது.

தை மாதம் முத்துமாரியம்மாளையும் செங்கமலத்தையும் புதுக்கோட்டைக்கு வரச்சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். எக்ஸ்ரே படத்தில் நிறம் தெரியாது என்று முன்பே சொல்லியிருந்தாள். பார்க்க நினைத்தது பழைய இருமலை, முழங்காலையும் எடுக்கச் சொன்னது முத்துமாரியம்மாளின் பயத்துக்காக. டாக்டர் நெஞ்சுப் படத்தையும் முழங்கால் படத்தையும் வெளிச்சத்தில் மாட்டினார். முழங்காலில் எலும்பும் அதன் நுனியும் ஒட்டாமல் நடுவில் கறுப்பாக ஒரு கோடு இருப்பதைப் பார்த்த முத்துமாரியம்மாள், ஐயோ உடைஞ்சிருக்கு என்று பிரகதாம்பாளின் கையைப் பற்றினாள். அது உடைப்பு இல்லை என்று டாக்டர் சொன்னார். அங்கே இருப்பது குருத்தெலும்பு, சுண்ணாம்பு இல்லாததால் படத்தில் விழாது. பிள்ளை உயருவதே அந்த இடத்தில்தான். வளர்ந்து முடிந்ததும் அதுவும் எலும்பாகி அந்தக் கோடு மறைந்துவிடும்.

நெஞ்சுப் படத்தில் வலப்பக்க நுரையீரலில் மிளகளவு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. காசநோய் வந்து, உடம்பே அதைச் சுற்றிச் சுண்ணாம்பு கட்டி அடைத்த தழும்பு என்றார் டாக்டர். சளியையும் சோதித்துப் பார்த்து, இப்போது நோய் இல்லை என்றார். வெளியே வந்ததும் முத்துமாரியம்மாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். செங்கமலம் அம்மாவையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பசிக்கிறது என்றாள்.

மூவரும் இட்லிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது பிரகதாம்பாள் கோழிகளைப் பற்றிச் சொன்னாள். சிவந்த எலும்பு வெள்ளை எலும்பைப்போலவே கனம் தாங்குகிறது. நிறுத்தினால் புது எலும்பு வெள்ளையாகத்தான் வளர்கிறது. செங்கமலத்துக்குச் சிவந்திருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கோழிகளைப் பார்த்த அளவில், சிவந்திருந்தாலும் பயப்பட ஒன்றும் இல்லை.

முத்துமாரியம்மாள் முழுவதையும் கேட்டாள். அப்புறம் வேறொன்றைக் கேட்டாள்.

"ஆடு கெழடாகிச் சாகுற வரைக்கும் காது மடங்கத்தானேங்க செய்யுது. அதுவும் குருத்துதானே. முட்டிக் குருத்து மட்டும் எலும்பா மாறுது, காதுக் குருத்து ஏன் மாற மாட்டேங்குது? யார் அதுக்குச் சொல்றது?"

இவ்வளவு நாளாகத் தன் மனதில் உருவம் பிடிக்காமல் கிடந்த கேள்வி அதுதான் என்று பிரகதாம்பாளுக்குப் புரிந்தது. உடம்பு நினைத்தால் நுரையீரலில்கூடச் சுண்ணாம்பைக் கட்டுகிறது. காதில் கட்டுவதில்லை.

ஊர்ப் பேச்சை முடிக்க அவள் சொற்பொழிவு எதுவும் செய்யவில்லை. மாசி மாதம், இதற்கென்றே இம்பூறல் போட்டு வளர்த்த சேவல் ஒன்றைக் கொண்டுபோய் வெள்ளைச்சாமி வீட்டு வாசலிலேயே அறுத்துக் குழம்பு வைக்கச் சொன்னாள். எல்லோரும் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டு, சிவந்த எலும்பை இலையோரத்தில் வரிசையாக வைத்தாள். சற்று யோசித்துவிட்டு வெள்ளைச்சாமியும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். அந்த வருடக் கொடைக்கு முத்துமாரியம்மாளின் மூன்று குட்டிகள் போயின.

அதன்பின் ஆறு வருடம் பிரகதாம்பாள் அந்தக் கேள்வியோடு இருந்தாள். பாடம் நடத்தினாள், இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள், விடுமுறையில் நூலகத்துக்குப் போனாள். முட்டைகளை அடைவைத்து, நாள்கணக்கில் ஒவ்வொன்றாக உடைத்து, கருவின் காலைப் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். குருத்தின் செல்கள் முதலில் சின்னதாக, நெருக்கமாக இருக்கும். பிறகு வரிசை கட்டும். பிறகு ஊதிப் பெருக்கும். ஊதியபின்தான் அவற்றைச் சுற்றிச் சுண்ணாம்பு வரும். காதுக் குருத்தில் இந்த முதிர்ச்சி வருவதே இல்லை. செல்லை முதிரச் சொல்வது எது, முதிராதே என்று தடுப்பது எது என்பதற்குப் புத்தகங்களில் விடை இல்லை.

1966இல் குழந்தைசாமி மெட்ராஸில் ஒரு பயிற்சிக்குப் போனவர், ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையின் நாலு பக்கத்தைக் கையால் நகலெடுத்துக்கொண்டு வந்தார். அமெரிக்காவில் ஒரு எலும்பு மருத்துவர், எலும்பை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கி, மிச்சத்தை முயலின் தசைக்குள் வைத்துத் தைத்திருக்கிறார். சில வாரத்தில் எலும்பே இல்லாத அந்த இடத்தில் புது எலும்பு வளர்ந்திருக்கிறது. பிரகதாம்பாள் அதை நின்றபடியே படித்தாள். வகுப்பில் வருடாவருடம் வளைத்துக் காட்டிவிட்டுக் குப்பையில் போட்ட அந்த ரப்பர் எலும்புக்குள்தான், எலும்பாகு என்று சொல்லுகிற பொருள் இருந்திருக்கிறது.

புரதமாக இருக்கும் என்பது குழந்தைசாமியின் ஊகம். அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது என்றாள் அவள். வேகவைத்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆகாது. புரதம் சூட்டில் கெட்டுப்போகும். எனவே அமிலத்தில் ஊறிய துண்டுகளில் பாதியைக் கொதிக்கவைத்து, பாதியை அப்படியே வைத்துப் பார்க்கலாம்.

குழந்தைசாமி மரத்துப்போக ஊசி போட்டு, ஆறு முயல்களின் முதுகுத் தசையில் ஆறு துண்டுகளை வைத்துத் தைத்தார். மூன்று கொதித்தவை, மூன்று கொதிக்காதவை. கொதிக்காததில் இரண்டு சீழ் பிடித்து வீணாயின. எட்டாவது வாரம் மற்றவற்றைத் திறந்தார்கள். கொதித்த மூன்றும் சுருங்கி மெத்தென்று கிடந்தன. மிஞ்சிய ஒன்றை வெட்டும்போது பிளேடு கரகரவென்று உரசியது.

அன்று முத்துமாரியம்மாளும் அங்கே இருந்தாள். பள்ளி இறுதி வகுப்புப் படித்துக்கொண்டிருந்த செங்கமலத்தை ஹாஸ்டலில் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பிரகதாம்பாள் மைக்ராஸ்கோப்பை அவள் பக்கம் திருப்பினாள். முத்துமாரியம்மாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். ஊதிப் பெருத்த செல்கள், அவற்றின் ஓரத்தில் கறுத்த மணிகளாகச் சுண்ணாம்பு. எது என்ன என்று பக்கத்தில் நின்று பிரகதாம்பாள் சொன்னாள்.

"அப்ப சொல்றது ஒண்ணு இருக்கு. அதுக்குப் பேரு என்னங்க?"

"இன்னும் யாரும் முடிவா வைக்கலைக்கா. காதுல போயி வேணாம்னு தடுக்குறது எதுன்னும் தெரியலை."

ஒரே ஒரு துண்டை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் குழந்தைசாமி, கையைக் கழுவிக்கொண்டே. உண்மைதான் என்றாள் பிரகதாம்பாள். நோட்டுப் புத்தகத்தில் கொதித்தது மூன்றில் பூஜ்யம், கொதிக்காதது மூன்றில் ஒன்று, இரண்டு சீழ் என்று எழுதினாள். அடுத்த தடவை பன்னிரண்டு முயலாவது வேண்டும் என்றாள். முயலுக்குத் தீனி என்ன போடுகிறீர்கள் என்று முத்துமாரியம்மாள் விசாரிக்க, இரண்டு பெண்களும் பேசிக்கொண்டே கூட்டுப் பக்கம் போனார்கள்.